ஈர மணலில் எந்தக் கருவி பேசும்?

வாசகர் கேள்வி – பதில்

மண்டபத்தில் நாற்பது ஆண்டுகள் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்தவன் நான். பழங்காசு சேர்க்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெட்டல் டிடெக்டர் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வரும் மகன், காசு தேடும் டிடெக்டர் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். காரெட் ஏஸ் 250, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ், மைன்லேப் ஈக்குவினாக்ஸ் 800 என்று மூன்று பெயர்களை அனுப்பியிருக்கிறான். அக்னி தீர்த்தக் கரையிலும் தனுஷ்கோடியிலும் தேட எது ஏற்றது?
— வாசகர், பாம்பன்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எந்தப் பெயர் என்பதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் நடக்கப்போவது காய்ந்த மணலிலா, அலை நனைத்த மணலிலா? நம் கரையில் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இந்தக் கருவியின் அடியில் உள்ள வட்டக் ‘காயில்’ (கம்பிச் சுருள்) மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அதன் எதிரொலியைக் காயில் பிடித்து ஒலியாகவும் எண்ணாகவும் காட்டும். உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால் கடலும் இந்தக் கருவிக்கு மெல்லிய உலோகத் தகடு போலத்தான் தெரியும். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவியை ஈர மணலில் தாழ்த்திப் பிடித்தால், அலை வரும்போதெல்லாம் காசு கிடைத்ததுபோல் கத்தும். அதை அடக்க உணர்திறனைக் குறைப்பீர்கள். குறைத்தால் ஆழத்தில் இருக்கும் காசு காதில் விழாது.

உங்கள் பட்டியலில் ஏஸ் 250, 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில் இயங்குவது. காயிலை நனைக்கலாம், மேலே உள்ள பெட்டியை நனைக்கக் கூடாது. சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ்; அதுவும் ஒற்றைதான். ஆனால் முழுக் கருவியும் 3 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், கடற்கரைக்கென்று தனி அமைப்பும் இருக்கிறது. 2018இல் வந்த ஈக்குவினாக்ஸ் 800 பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பி, வந்த பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. உப்பின் பதில் ஒரு விதம், செம்பின் பதில் வேறு விதம் என்பதால் உப்பைக் கழித்துவிட அதனால் முடிகிறது. இதுவும் 3 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். இப்போது 700, 900 என்று அடுத்த வரிசை வந்துவிட்டதால், 800 கைமாறிய கருவியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

போன மாசி மாதம் நண்பர்களிடம் இரண்டு வகைக் கருவிகளை இரவல் வாங்கி, மண்டபத்தின் வடக்குக் கரையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் சோதித்தேன். ஓட்டைக் காலணா, பழைய வெள்ளிக் கால் ரூபாய், விளிம்பு வளைந்த அலுமினியப் பத்துப் பைசா, இன்றைய ஐந்து ரூபாய், வலையில் கட்டும் ஈயக்குண்டு, தூண்டில் முள், சோடா மூடி ஆகியவற்றை ஓரடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புதைத்தேன். காய்ந்த மணலில் ஒற்றை அதிர்வெண் கருவிக்கும் பல அதிர்வெண் கருவிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அரைச் சாண் ஆழத்தில் இரண்டுமே எல்லாக் காசுகளையும் சொல்லிவிட்டன. அலை நனைக்கும் இடத்துக்கு வந்ததும் கதை மாறியது. ஒற்றை அதிர்வெண் கருவி அதே அரைச் சாணில் காலணாவை ஒரு வீச்சுக்குச் சொல்லி மறு வீச்சுக்கு விட்டுவிட்டது. பல அதிர்வெண் கருவி ஒரு சாண் ஆழத்திலும் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டியது. இரண்டையும் ஒன்றுபோல ஏமாற்றியது ஈயக்குண்டுதான். நல்ல காசு போலவே ஒலிக்கும். நம் கரையில் ஒரு நாளைக்கு இருபது ஈயக்குண்டாவது தோண்டுவீர்கள்; மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆகவே அலையோரம் நடப்பதானால் ஈக்குவினாக்ஸ் போன்ற பல அதிர்வெண் கருவி. பணம் இடிக்கிறது என்றால் சிம்ப்ளெக்ஸ் வாங்கி, அலைக் கோட்டுக்கு மேலே காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏஸ் 250 தென்னந்தோப்புக்கும் ஊர்ப் பொட்டலுக்கும் நல்ல கருவி, விலையும் குறைவு. உங்கள் தேவைக்கு அது பொருந்தாது. எதை வாங்கினாலும் துளையிட்ட எவர்சில்வர் மணல் அள்ளி ஒன்றையும் சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஈர மணலில் தோண்டினால் குழி மூடிக்கொண்டே இருக்கும்.

இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போடப்படும் காசை, மறுநாளே இடுப்பளவு தண்ணீரில் நின்று அரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அன்றைய அரிசி. அந்த நாட்களில் அங்கே கருவியோடு போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயம், ரயில் நிலையம் இருக்கும் பகுதி முழுவதும் ஆணியும் இரும்புத் துண்டும்தான். ஆனால் நான் அங்கே கருவியை இயக்காததற்குக் காரணம் அது இல்லை. 1964 டிசம்பரில் அந்தப் புயல் இரவில் போனவர்களின் பொருள் அந்த மணலில் கிடக்கிறது. நீங்களும் ரயில்வேக்காரர், நான் விளக்க வேண்டியதில்லை.

காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கம் கடலின் ஏற்றவற்றம் குறைவு. மணலைப் புரட்டிப் போடுவது காற்றும் அலையும்தான். வாடைக்காலத்தில் வடக்கே பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், பொங்கும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கரையை அரிக்கும். கடல் அடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில், அரிக்கப்பட்டுப் படிபோல் நிற்கும் மணலின் அடிவாரத்தில் நடந்து பாருங்கள்.

என் அண்ணனின் டிடெக்டர் பழைய காலணாவை நன்றாகக் காட்டுகிறது. ஆனால் இன்றைய ஒரு ரூபாயைக் கண்டால் இரும்பு என்கிறது, சில சமயம் வெள்ளி என்கிறது. பழுதா?
— கல்லூரி மாணவி, கீழக்கரை

பழுது இல்லை, மகளே. 1992 முதல் வந்த சிறிய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். வீட்டில் காந்தம் இருந்தால் வைத்துப் பார். இரும்பின் குணம் எண்ணைக் கீழே இழுக்கிறது, தட்டையான வட்ட வடிவம் மேலே தள்ளுகிறது. அதனால் எண் ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கும். சோடா மூடி குதிப்பதும் இதே காரணத்தால்தான். இந்தக் கருவிகளின் திரையில் அச்சிட்டிருக்கும் காசுப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் காசுகளைப் பார்த்து வரைந்தவை. அவற்றை நம்பி ‘இரும்பை ஒதுக்கு’ என்று அமைத்துவிட்டால் நம் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

நீயே ஒரு பட்டியல் எழுது. 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா வெண்கலம். 1940க்கு முந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; எண் நன்றாக உயர்ந்து, அசையாமல் நிற்கும். தாமரை போட்ட இருபது பைசா மஞ்சள் உலோகம். ஐந்து, பத்து, இருபது பைசாக்களில் பிந்தியவை பெரும்பாலும் அலுமினியம். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துக் காயிலை வீசி, வரும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள். கடைசியில் ஈயக்குண்டு, பான டப்பாவின் திறப்பு வளையம், சோடா மூடி ஆகியவற்றின் எண்ணையும் எழுது. உன் அண்ணனுக்கு அந்த நோட்டு, கருவியோடு வந்த கையேட்டைவிட அதிகம் உதவும்.

ஐந்து மீட்டர் ஆழத்தில் உள்ள தங்கத்தைக் காட்டும் என்று ஒரு கருவிக்கு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?
— வாசகர், சாயல்குடி

வாங்காதீர்கள். காயிலிலிருந்து காசு இரண்டு மடங்கு தூரம் போனால் திரும்பி வரும் சமிக்ஞை ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். போகும் வழியில் எட்டில் ஒன்று, வரும் வழியில் எட்டில் ஒன்று. இதை எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. காசு அளவுப் பொருளுக்கு ஒரு சாணும் கொஞ்சமும்தான் நல்ல கருவியின் எல்லை. ஆழத்தில் காட்டும் கருவிகள் உண்டு. அவை பானை, பெட்டி அளவுப் பொருளுக்கானவை. அலுமினியக் குடத்தையும் அவை தங்கம் போலவே சொல்லும்.

எங்கள் தென்னந்தோப்பில் வாய்க்கால் வெட்டும்போது விரல் நகம் அளவுள்ள பச்சை பிடித்த செம்புக் காசுகள் மூன்று கிடைத்தன. டிடெக்டர் வாங்கித் தோப்பு முழுவதும் தேடலாம் என்று என் தம்பி சொல்கிறான். சரியா?
— வாசகர், அழகன்குளம்

தயவுசெய்து வேண்டாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதம்தான்.

நீங்கள் நிற்பது சாதாரண ஊர் இல்லை. வைகை கடலில் சேரும் இடத்துத் துறைமுகம் உங்களுடையது. மாநிலத் தொல்லியல் துறை 1986–87 முதல் அங்கே பலமுறை அகழ்ந்திருக்கிறது. கப்பல் உருவம் கீறிய பானை ஓடும், கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியச் செம்புக் காசுகளும் அங்கே கிடைத்தன. அந்தக் காசுகளும் நகம் அளவுச் சிறியவைதான். உங்கள் மூன்றும் அவையா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அந்தக் காசு சொல்லும் செய்தி. உங்கள் தம்பி இருபது குழி தோண்டி இருபது காசு எடுத்தால், இருபது இடத்தில் அந்த ஏட்டைக் கிழித்தவர் ஆவார். பிறகு எவ்வளவு படித்தவர் வந்தாலும் அதை ஒட்ட வைக்க முடியாது. நான் காசு சேர்ப்பவன். என் பெட்டியில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குறை உறுத்துகிறது.

சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதினால் போதும். பொருளை அருகில் உள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கு போவதோடு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் வரலாம். முறைப்படி சொன்னவருக்குப் பங்கு கேட்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாம்பன் அண்ணனும் இதைக் கவனிக்க வேண்டும்.

காசுகளைத் தேய்க்காதீர்கள், புளி போட்டுக் கழுவாதீர்கள். அந்தப் பச்சை உதிர்ந்தால் எழுத்தும் உதிரும். தனித்தனித் தாளில் மடித்து வையுங்கள். வாய்க்கால் வெட்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டு, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று இன்றே எழுதி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே மனு எழுதுங்கள்.

குருசடைத் தீவில் தேடலாமா?
— வாசகர், வேதாளை

கூடாது. அது மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்த கடல்வாழ் உயிரின தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

பகலில் வெயில் தாங்கவில்லை. இரவில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு தேடினால் என்ன?
— வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, இது எல்லைக் கடல். இரவில் விளக்கோடு மணலைத் தோண்டும் ஆளைப் பார்த்தால் கடலோரக் காவல் போலீசார் கடத்தல்காரன் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள்மேல் தவறு இல்லை. விடியற்காலையில் தேடு. போகும் முன் ஊர்த் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இன்னொன்று. உன் ஊரிலேயே 2018இல் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிவந்தன. கருவி பெரிய சத்தம் போட்டு, மணலில் பெட்டியோ உருளையோ தென்பட்டால், கையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் போலீசுக்குச் சொல்.

அரியமான் கடற்கரையில் போன ஞாயிறு குளிக்கும்போது என் மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. அரைப் பவுன். அம்மா கொடுத்தது. அதே இடத்தில் என் நாத்தனாரின் மெல்லிய சங்கிலியும் போன வருடம் போனது. டிடெக்டரால் கிடைக்குமா?
— வாசகி, ராமநாதபுரம்

மோதிரம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தங்கையே. மூடிய வளையத்தில் மின்னோட்டம் நன்றாகச் சுழலும். கருவி தெளிவாகச் சொல்லும். சங்கிலிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனியாகத்தான் பார்க்கிறது. மெல்லிய சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு சிறு கண்ணி அளவுக்கே பேசும். உங்கள் நாத்தனாருக்குப் பொய்யான நம்பிக்கை தர மனம் வரவில்லை.

அரியமானில் அலை குறைவு என்பது உங்கள் அதிர்ஷ்டம். தங்கம் கனமானது, பக்கவாட்டில் அதிகம் போகாது, நேராக மணலுக்குள் இறங்கும். வாடை தொடங்கிவிட்டால் மேலே மணல் ஏறிவிடும். அதற்குள் தேட வேண்டும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து கரையில் எந்தச் சவுக்கு மரம், எந்தக் கட்டடம் நேராகத் தெரிந்தது, வலப்பக்கம் எது தெரிந்தது, தண்ணீர் இடுப்பளவா மார்பளவா என்று உங்களோடு குளித்தவர்களிடம் கேட்டு எழுதி, இதழ் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். வரும் ஞாயிறு விடியலில், காற்று எழும் முன், இரவல் கருவியோடு நானே வருகிறேன்.