வீட்டில் டார்க் மைல்ட்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: பர்மிங்காமில் வசிக்கிறேன். ஆல்கஹால் குறைந்த கறுப்பு பீரான டார்க் மைல்ட்டை வீட்டிலேயே காய்ச்ச ஆசை. கடையில் 1.8 கிலோ டப்பாவாக ஒரு கிட் (மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் கெட்டிப் பாகு) கிடைக்கிறது. ‘ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டராக்கவும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இதை வாங்கலாமா, அல்லது தானியம், கொதிகலன் என்று முழுதாக இறங்கிவிடலாமா?

பதில்: முதல் தடவைக்கு கிட்டே போதும். ஆனால் அந்த ஒரு கிலோ சர்க்கரை மட்டும் வேண்டவே வேண்டாம். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். நாக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆறு சதவீத பீரில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. 3 முதல் 3.8 சதவீதம் வரையே ஆல்கஹால் உள்ள மைல்ட்டில் அப்பட்டமாகத் தெரியும். சர்க்கரைக்குப் பதிலாக அரை கிலோ மால்ட் பவுடர் வாங்குங்கள். 23 லிட்டர் வரை நிரப்பாமல் 20 லிட்டரோடு நிறுத்துங்கள். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.036க்குப் பக்கத்தில் காட்டும் (தண்ணீருக்கு 1.000). நொதித்து முடிந்ததும் 1.011 அளவில் நின்றால், ஆல்கஹால் சுமார் 3.3 சதவீதம். மைல்ட்டுக்கு இதுவே பொருத்தமான அளவு.

அந்த ஹைட்ரோமீட்டரை அவசியம் வாங்குங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒரே அளவு காட்டாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். நொதித்து முடியாத பீர் பாட்டிலையே வெடிக்கச் செய்துவிடும். கிட்டோடு வரும் ஈஸ்ட் பாக்கெட்டின் தேதியையும் பாருங்கள். பழையதென்றால் ஆங்கில ஏல் (மைல்ட் சேர்ந்த பீர் வகை) ஈஸ்ட் ஒரு பாக்கெட் தனியாக வாங்குவதில் கணக்குப் பார்க்க வேண்டாம். நொதிக்கும் இடம் 18 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும். அதற்கென்று விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

பிறகு தானியத்துக்கு மாறினால், மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகையின் மால்ட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இனிப்புக்குக் கிறிஸ்டல் மால்ட்டும், கரும்பழுப்பாக வறுத்த சாக்லேட் மால்ட் கொஞ்சமும் சேருங்கள். கறுப்பு மால்ட்டை அள்ளிப் போட்டால் சாம்பல் கசப்பு வந்துவிடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் ஃபக்கிள்ஸ் வகை போதும், அதுவும் மிதமாக. அரைத்த மால்ட் சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால் மூட்டைத் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: காய்ச்சியது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் நல்ல மைல்ட் ஒன்றைக் குடித்துப் பார்த்திருக்க வேண்டும். கடைகளில் பாட்டிலில் கிடைப்பது அபூர்வம். பப்பில் பீப்பாயிலிருந்து ஊற்றித் தருவதுதான் அளவுகோல். நீங்கள் பர்மிங்காமில் இருப்பதால் மைல்ட்டின் சொந்த ஊரே பக்கத்தில் இருக்கிறது. பிளாக் கன்ட்ரியில் பிரயர்லி ஹில்லுக்குப் போய், அங்குள்ள பேத்தம்ஸ் ஆலையின் மைல்ட் அரை பைண்ட் கேளுங்கள். அதுவும் 3.5 சதவீதம்தான்.

உங்கள் பீரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடிக்காமல், 12 டிகிரி அளவுக்கு வரவிட்டு ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோப்பையின் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரிய வேண்டும். வறுத்த தானியமும் கோகோவும் மெல்ல மணக்கும். கசப்பு பின்னால் ஒதுங்கி நிற்கும். புளிப்பு முன்னால் வந்தால் சுத்தம் போதவில்லை என்று பொருள். ஈர அட்டை வாடை அடித்தால் காற்று புகுந்திருக்கிறது. நுரை பொங்கி நாக்கைக் குத்தினால், நுரைக்காக அடைக்கும்போது பாட்டிலில் போட்ட சர்க்கரை அதிகம், லிட்டருக்கு 2.5 கிராம் போதும். நாள்பட வைத்துக் குடிக்கும் பீர் அல்ல இது, சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய நொதிகலன் விரிசலோடு வந்தது. கூரியர்காரரிடம் கேளுங்கள் என்கிறார் விற்றவர். பீர் நன்றாக வந்தால் அக்கம்பக்கத்தில் விற்கவும் நினைத்திருந்தேன்.

பதில்: பொருள் உங்கள் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு விற்றவருடையது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். படம் எடுத்து இன்றே எழுத்தில் அனுப்புங்கள். விரிசலை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், அந்த இடுக்கில் கிருமி தங்கிவிடும்.

விற்கும் யோசனையைக் கைவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் பிரிட்டனில் உரிமம் தேவையில்லை. காசு வாங்கிவிட்டால் வரியும் உரிமமும் வந்துவிடும். நண்பர்களுக்கு இலவசமாக ஊற்றிக் கொடுங்கள், அதற்குத் தடையில்லை.