ஐம்பத்தைந்து விநாடிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு சைக்கிள் வீரர் ரேமோன் புலிடோர், பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஒருமுறைகூட வென்றதில்லை, அதில் மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை ஒருநாளும் அணிந்ததில்லை. ஐந்து முறை வென்ற ஆங்க்தீலைவிட மக்கள் ஏன் இவரைக் கொண்டாடினார்கள்? தோற்றவர்மேல் வரும் இரக்கமா? ஆங்க்தீல் கர்வம் பிடித்தவரா? என் மகன் பந்தயங்களில் தொடர்ந்து இரண்டாவதாக வந்து சோர்ந்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரக்கம் என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள். புலிடோர் ஓய்வுபெற்றது 1977-ல். 2019-ல், தன் 83-ஆம் வயதில் இறந்த ஆண்டிலும் டூருக்கு வந்தார். ‘பூப்பூ’ என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டம் சூழ்ந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் யார் ஐயா இரக்கப்படுவார்கள்?

அவர் தோற்றவரும் அல்ல. 1961-ல் மிலான்–சான் ரெமோ, 1964-ல் ஸ்பெயின் சுற்று, 1972-லும் 1973-லும் பாரிஸ்–நீஸ் என்று பெரிய பந்தயங்களை வென்றவர். டூரில் மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். கடைசியாக 1976-ல், நாற்பது வயதில். ‘நிரந்தர இரண்டாமவர்’ என்ற பட்டப்பெயரை மட்டும் கேள்விப்பட்டு ஒரு வீரரை அளப்பது சோம்பேறித்தனம். ஆங்க்தீலின் கர்வம் இங்கே தேவையில்லாத பேச்சு.

1964-க்கு வாருங்கள். அந்த டூரை அவர் இழந்தது 55 விநாடியில். மொனாக்கோவில் அன்றைய ஓட்டம் திடலுக்குள் முடிந்தது. முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு இன்னும் ஒரு சுற்று உண்டு. புலிடோர் முதல்முறை தாண்டியதுமே முடிந்துவிட்டதென நினைத்தார். ஆங்க்தீல் வென்று, வென்றவருக்கு மொத்த நேரத்தில் கழிக்கப்படும் ஒரு நிமிடச் சலுகையை எடுத்துக்கொண்டார். அறுபது விநாடி! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துலூஸ் போகும் வழியில் ஸ்போக்ஸ் கம்பி ஒடிந்தது. சைக்கிள் மாற்றி ஏறியவரை மெக்கானிக் தள்ளிவிட, கீழே விழுந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிற்று. அக்காலப் பெடலில் கம்பிக்கூடும் தோல்வாரும் இருக்கும். கால் அதற்குள் நுழையும்வரை, தள்ளுபவர் சீட்டைப் பிடித்து நேராகத் தள்ளியபடி கூடவே ஓடவேண்டும். விசை கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் ஹேண்டில்பார் திரும்பிவிடும்.

பிறகு ஜூலை 12, புய் த தோம் எரிமலை. மலைச்சுவர்ப் பக்கம் ஆங்க்தீல், சாலையின் வெளிவிளிம்பில் புலிடோர், முழங்கையோடு முழங்கை உரச. அந்த ஏற்றத்தில் வேகம் குறைவு. ஒருவர் பின்னால் ஒதுங்கினாலும் காற்றுமறைவால் பெரிய லாபமில்லை. ஒதுங்கினால் களைத்துவிட்டது தெரிந்துபோகும். அதனால்தான் ஆங்க்தீல் பக்கத்திலேயே வந்தார். அவர் களைக்கவில்லை என்று புலிடோர் நம்பிவிட்டார். கடைசிக் கிலோமீட்டர் அளவில்தான் பிரிந்து போனார். எடுத்தது 42 விநாடி, அன்றைக்கு ஆங்க்தீலை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது 56. இன்னும் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அரை நூற்றாண்டாகத் தங்களுக்குள் வைத்துப் பேசினார்கள். வென்றவரைப் பற்றிப் பேச அவ்வளவு மிச்சமில்லை. 2021-ல் பேரன் மத்தியூ வான் டெர் பூல் மஞ்சள் ஜெர்சியைப் பிடித்த நாளில், முடிவுக்கோட்டைக் கடக்கும்போது வானத்தைக் காட்டினார். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகனிடம் இரண்டாமிடமும் பெருமைதான் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். விநாடிகள் எங்கே போயின என்று அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்த பந்தயத்துக்கு முன், முடிவுக்கோடு எங்கே, எத்தனை சுற்று, கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்களா என்று அவனே போய்க் கேட்டு வரட்டும்.