ஒப்பில்லா திரு இரா – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

கல்லாற்றில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். நத்தாருக்குப் பிள்ளைகளைப் பாட்டுக்குப் பழக்குகிறோம். ‘ஒப்பில்லா திரு இரா’ பிறந்த கதையைச் சொல்லும்போது, எலி ஓர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டதால்தான் கிட்டாரில் பாடினார்கள் என்றேன். ஒரு பையன் எழும்பி, “அது பொய்க்கதை டீச்சர்” என்கிறான். அதோடு விடவில்லை. ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’ என்றுதானே இருக்கிறது, தமிழில் அமைதி எங்கே போனது என்று கேட்டான். முழிசிக்கொண்டு நின்றேன். ‘அமைதி’ என்று மாற்றிப் பாடலாமா?

– ஒரு வாசகி, கல்லாறு

அன்புள்ள தங்கச்சி,

பையன் சொன்னது சரி. எலியை விட்டுவிடுங்கள், கிட்டாரை வைத்துக்கொள்ளுங்கள். 1818 டிசம்பர் 24ஆம் திகதி, ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில் உதவிக் குருவாக இருந்த யோசப் மோர், தன் கவிதை ஒன்றைப் பக்கத்து ஊர் வாத்தியார் பிரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் மெட்டுக் கேட்டார். அன்றிரவே மோர் கிட்டாரை மீட்டி மேல்குரலில் பாட, க்ரூபர் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். பின்னால் இந்த மெட்டு பேர்போன இசைமேதைகளான ஹைடனுடையது, மோட்சார்ட்டுடையது என்றெல்லாம் பேச்சுக் கிளம்பியது. கிராமத்து வாத்தியார் போட்டது என்றால் யார் நம்புவார்கள்! 1854இல் பெர்லினிலிருந்து விசாரித்தபோது க்ரூபர் தானே நடந்ததை எழுதிக் கொடுத்தார். அதில் எலியும் இல்லை, பழுதான ஓர்கனும் இல்லை.

ஆனாலும் அந்த எலியின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. சண்டைக் காலத்து நத்தார் ஒன்று. ஊரடங்கு என்பதால் நள்ளிரவு ஆராதனை பின்னேரமே. கறண்ட் இல்லை, ஓர்கன் ஊமை. மழை இருட்டில் பெற்றோல்மக்ஸைக் கொளுத்தி வைத்தார்கள். பாடகர் குழு அண்ணன் ஒருவர் கிட்டாரை எடுத்தார், அதில் ஒரு கம்பி அறுந்திருந்தது. மிச்சம் ஐந்து கம்பியில் இதே பாட்டைத்தான் பாடினோம். வெளியே தவளைகள் எங்களைவிடச் சத்தமாகப் பாடின.

சரி, அமைதிக்கு வருவோம். முதல் சொல்லின் முதல் ஒலியை இந்த மெட்டு இரண்டு சுரத்துக்கு இழுக்கிறது. அந்த இடத்தில் ‘அமைதி’யைப் போட்டுப் பாடிப் பாருங்கள். ‘ஆமைதி’ என்று வரும். நத்தார் இரவில் உங்கள் பிள்ளைகள் ஆமையைப் பாடிக்கொண்டு நிற்பார்கள். ‘ஒப்’ அந்த இழுப்பைத் தாங்கும், ‘லா’வில் போய் ஆறுதலாக நிற்கலாம். மேசையில் தட்டியும் பாருங்கள்: ஒப்-பில்-லா மூன்று, தி-ரு-இ-ரா நான்கு. ஜெர்மன் மூலத்தின் முதல் வரியும் அதே மூன்று, நான்குதான். தமிழாக்கியவர் பாடத் தெரிந்தவர்.

இழந்ததும் உண்டு. மூலம் ஒரு தாலாட்டு. ஊரே தூங்குகிறது, இருவர் மட்டும் விழித்திருக்கிறார்கள், சுருட்டை முடிப் பிள்ளையே தூங்கு என்கிறது முதல் சரணம். நம் பாட்டில் பிதா தம் ‘ஏக மைந்தனை’ உலகுக்கு மீட்பராக அனுப்புகிறார். யோவான் 3:16 அப்படியே. தாலாட்டு பிரசங்கமாகிவிட்டது. பிரசங்கம் நல்ல பிரசங்கம்தான், எனக்கு அந்தச் சுருட்டை முடிக்காகத்தான் துக்கம்.

மோர் எந்த அமைதியைச் சொன்னார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கவிதையும் அன்றிரவே எழுதியது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1995இல் அவருடைய கைப்பிரதி கிடைத்தபோதுதான் அது 1816இல் எழுதியது என்று தெரிந்தது. நெப்போலியனின் யுத்தங்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் பொய்த்தது. அதே 1816இல் சால்சாக் ஆற்றை எல்லையாக்கினார்கள். ஒரே ஊராக இருந்தது இரண்டானது: இக்கரை ஓபெர்ன்டோர்ஃப் ஒஸ்திரியாவுக்கு, அக்கரை லௌஃபன் பவேரியாவுக்கு. மோர் அங்கே வேலைக்கு வந்தது அடுத்த வருஷம். சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக மண்முனைத் துறையில் அடையாள அட்டையோடு காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் எழுதியது ஆறு சரணங்கள். 1859இல் அமெரிக்கக் குருவான ஜோன் ஃப்ரீமன் யங் ஆங்கிலத்தில் ஆக்கியபோது மூன்றை மட்டும் எடுத்தார். விடுபட்டவற்றில் நான்காவதும் ஒன்று. இயேசு உலகத்து மக்களையெல்லாம் சகோதரராக அணைத்துக்கொண்டார் என்று சொல்லும் சரணம் அது. அக்கரையும் இக்கரையும் அதற்குள் வருகின்றன.

ஆகவே முதல் வரியில் கை வைக்காதீர்கள். அந்த நான்காவது சரணத்தைத் தமிழில் எழுதும் வேலையைக் கேள்வி கேட்ட பையனிடமே கொடுங்கள். முதல் சொல்லை ‘அ’வில் தொடங்கினான் என்றால் ஆமையை ஞாபகப்படுத்துங்கள்.