அம்மாவின் மார்க்கும் சீட்டுக் கணக்கும்

ஐயா,
அப்பா காலமான பிறகு, திருமங்கலத்தில் இருந்த அம்மாவை மெல்போர்னுக்கு அழைத்து வந்தேன். வயது 74. இங்கே டாக்டர் வைத்த மறதி நோய்ப் பரிசோதனையில் 30க்கு 16. தேதி சொல்லவில்லை, பருவம் சொல்லவில்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதில் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவருக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? ஊரில் இருபது பேருக்குச் சீட்டு நடத்தியவர், நோட்டே பார்க்காமல் கணக்குச் சொல்வார். கிளம்புவதற்கு ரெண்டு வருடம் முன்னால் கணக்குக் குழம்பி, சண்டையாகி நிறுத்திவிட்டார், அது வேறு கதை.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் பாதி நியாயம். தேதி கேட்டால் என் அம்மாவும் "அமாவாசை போய் மூணு நாள்" என்பார். அந்தக் கணக்குத் தப்பாது, ஆனால் டாக்டர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. சித்திரையில் இலை உதிர்கிற ஊரில் வந்து என்ன பருவம் என்று கேட்டால் நானே முழிப்பேன்.

இந்தச் சிக்கலுக்காகவே சிட்னியில் ருடாஸ் என்று ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். டீ, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று நாலு சாமான் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். சிக்னல் இல்லாத ரோட்டை எப்படிக் கடப்பீர்கள் என்றும் ஒரு கேள்வி. என் அம்மாவிடம் கேட்டேன். "கையக் காட்டிக்கிட்டே போக வேண்டியதுதான், அவன் நிப்பான்." மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் அதுதான் சரியான விடை. ருடாஸில் முழு மார்க் கிடைக்காது.

சரி, மற்ற பாதி. 'அது வேறு கதை' என்று தாண்டிப் போய்விட்டீர்களே, கதையே அதுதான். சீட்டு, பள்ளிக்கூடத்துக் கணக்கு இல்லை, அவருடைய கணக்கு. அது குழம்பியது ஊரில், தமிழில். அதற்கு மெல்போர்னையோ இங்கிலீஷையோ குறை சொல்ல முடியாது. பத்து வருடம் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று வீட்டாரைக் கேட்பதற்கே தனிக் கேள்வித்தாள் இருக்கிறது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை போல.

உடனே டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, காது மந்தம், அப்பா போன துக்கம் எல்லாமே மறதி மாதிரி வேஷம் போடும். முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளைகள் தங்களை அறியாமலே விடையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவும் மகன் முன்னால் 'தெரியல' என்று சொல்லக் கூச்சப்படுவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் தனியாக டாக்டரைப் பார்த்து அந்தச் சீட்டு விவகாரத்தைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சண்டை போட்ட வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எந்த மாதம், என்ன கணக்கில் தடுமாறினார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.