பாலிமர் காப்புரிமைக் கிளெய்முக்கு ஆட்சேபம்: முதலில் சதவீதத்தைச் சரிபாருங்கள்

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் துணி அச்சுக்கான பைண்டர் (நிறமியைத் துணியில் ஒட்டவைக்கும் பாலிமர்) தயாரிக்கிறோம். பியூட்டைல் அக்ரிலேட் 45–52 எடை சதவீதம், மீதி மெத்தில் மெத்தக்ரிலேட், எடைச்சராசரி மூலக்கூறு எடை 50,000–1,50,000 என்பது எங்கள் காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை). 'டி1 ஆவணத்தின் (முன்பே வெளியானது) எடுத்துக்காட்டில் பியூட்டைல் அக்ரிலேட் 50 சதவீதம் இருக்கிறது, மூலக்கூறு எடையும் அதில் தானாகவே அடங்கும், ஆகவே புதுமை இல்லை' என்று காப்புரிமை அலுவலக எக்ஸாமினர் எழுதிவிட்டார். கைவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். முதல் ஆய்வு அறிக்கையில் வருவது ஆட்சேபம்தான், இறுதி மறுப்பு அல்ல.

டி1-ஐத் திறந்து அந்த 50 மோல் சதவீதமா (மூலக்கூறு எண்ணிக்கைப்படி), எடை சதவீதமா என்று பாருங்கள். பியூட்டைல் அக்ரிலேட்டின் மூலக்கூறு எடை 128.17, மெத்தில் மெத்தக்ரிலேட்டுக்கு 100.12. ஆகவே 50:50 மோல் என்றால் பியூட்டைல் 56.1 எடை சதவீதம். உங்கள் 52-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் வரம்பை மோலில் சொன்னால் சுமார் 39–46. இந்தக் கணக்கை அட்டவணையாகப் பதிலிலேயே போடுங்கள். டி1-இன் பொது வரம்பு (30–70 என்று ஏதாவது இருக்கும்) உங்கள் வரம்பை மூடினால், வாதம் புதுமையிலிருந்து காப்புரிமைச் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ)-வின் கண்டுபிடிப்புப் படிக்கு (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு) நகரும். அங்கே ஒப்பீட்டுத் தரவு இல்லாமல் நிற்க முடியாது.

'தானாகவே அடங்கும்' என்ற வாதம் பலவீனமானது. டி1 எமல்ஷன் முறையில், மெர்காப்டன் போன்ற சங்கிலி மாற்றி (பாலிமர் சங்கிலியின் நீளத்தைக் குறைக்கும் பொருள்) சேர்க்காமல் செய்திருந்தால், மூலக்கூறு எடை வழக்கமாகப் பல லட்சத்தைத் தொடும். வாயால் சொன்னால் போதாது. அவர்கள் எடுத்துக்காட்டை எழுதியபடியே செய்து, ஜிபிசி (மூலக்கூறு எடையை அளக்கும் சோதனை) எடுத்து, உறுதிமொழிப் பத்திரத்துடன் இணையுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மாதிரியில் ஜெல் (கரையாத பாலிமர்) இருந்தால் வடிகட்டியிலேயே தங்கிவிடும், கரைந்த பகுதியின் எடைதான் வரும், அது பொய்யாகக் குறைவாகத் தெரியும். கரையாத பகுதியின் சதவீதத்தையும், அளவீடு பாலிஸ்டைரீன் சமானமா (பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்து வந்த எண்ணா) என்பதையும் குறிப்பிடுங்கள். உங்கள் விவரணத்தில் (விண்ணப்பத்தோடு தரும் விளக்க ஆவணத்தில்) அளவிட்ட முறை சொல்லப்படவில்லை என்றால் தெளிவின்மை ஆட்சேபமும் வரக்கூடும்.

கிளெய்மைக் குறுக்கலாம். ஆனால் பிரிவு 59-இன்படி முதலில் தாக்கல் செய்த விவரணத்தில் இல்லாத எண்ணை இப்போது நுழைக்க முடியாது. 48–51 என்று குறுக்க ஆசைப்பட்டால், அந்த எண்கள் அங்கே இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்.

பிரிவு 3(டி)-யும் (அறியப்பட்ட பொருளின் வெறும் புது வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்பது) வந்திருந்தால், எது 'அறியப்பட்ட பொருள்' என்று எக்ஸாமினர் சொல்லியிருக்கிறாரா பாருங்கள். சொல்லவில்லையென்றால் அதையே பதிலில் கேளுங்கள்.

பதிலுக்கு 6 மாதம், படிவம் 4 (கால நீட்டிப்புக் கோரிக்கை) போட்டால் இன்னும் 3 மாதம். விசாரணை காணொலியில் நடக்கும், மதுரையிலிருந்தே பேசலாம். அதன்பின் எழுத்துவாதத்துக்கு 15 நாள்தான். ஜிபிசி மாதிரியை அதுவரை வைத்திருக்காமல் இந்த வாரமே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.