களக்காட்டு மாடிக்கு எத்தனை கிலோவாட்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். களக்காடு பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரை ஓடுகிறது. சோலார் போட மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 3 கிலோவாட்டுக்கு 1,55,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் அதே 3 கிலோவாட்டுக்கு 1,98,000 கேட்கிறார். மூன்றாமவர் 5 கிலோவாட் போட்டால்தான் லாபம் என்கிறார். எந்தக் கம்பெனி பேனல் நல்லது, யாரிடம் வேலையைக் கொடுக்கலாம்? கரண்ட் போனாலும் அம்மா அறையில் ஃபேன் ஓட வேண்டும். மாடிக்கு மேற்கே ஒரு தென்னை நிற்கிறது. வெட்ட வேண்டியிருக்குமா?

பதில்: பேனல் கம்பெனியின் பெயரைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். சோலார் போட்டுவிட்டு என்னிடம் வருத்தப்பட்டு வந்தவர்களில், பேனல் கெட்டுப்போய் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. அளவு தப்பி, போல்ட் தப்பி, ஆள் தப்பி வந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் அளவு. நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்களுக்கு ஓடுவது 620. அதில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். சும்மா வருவதைக் காசு போட்டு மாடியில் தயாரிக்க வேண்டாமே. மிச்சம் 520. அப்படியானால் 2 கிலோவாட் போட்டாலே 480 யூனிட் வந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறுகிறது அல்லவா, சோலார் வந்ததும் அந்த விலை கூடின யூனிட்கள்தான் முதலில் கழியும். அடுத்த வருஷம் ஏ.சி. வாங்கும் யோசனை இருந்தால் 3 கிலோவாட் போடுங்கள். இல்லையென்றால் 2 போதும்.

5 கிலோவாட் சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சப்சிடி எவ்வளவு கூடும்? 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் என்ற வீட்டு சோலார் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய். மொத்தம் 78,000. அதோடு சரி. நாலாவது, ஐந்தாவது கிலோவாட் முழுக்க உங்கள் கைக்காசு. “மிஞ்சுறத இ.பி.க்கு விக்கலாம் அண்ணாச்சி” என்பார். நாம் வாங்கும் விலைக்கு அவர்கள் நம்மிடம் வாங்க மாட்டார்கள்.

அடுத்தது அந்த 1,55,000. இது சப்சிடிக்கு முந்தின விலையா, சப்சிடி கழித்த விலையா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொட்டேஷனிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். சப்சிடி போக 1,55,000 என்றால் அவர் உண்மையில் கேட்பது 2,33,000. இன்னொருவரின் 1,98,000 சப்சிடிக்கு முந்தின விலையாக இருந்தால், குறைந்த விலை என்று நீங்கள் நினைத்த ஆள்தான் 3 கிலோவாட் சொன்ன இரண்டு பேரில் விலை கூடினவர். சப்சிடிக்கு முன்னாலேயே 1,55,000 என்றால் வேறு சந்தேகம் வருகிறது. இந்தச் சப்சிடிக்கு உள்நாட்டில் செய்த செல்லை (வெயிலைக் கரண்டாக்கும் சில்லு) வைத்து உள்நாட்டிலேயே செய்த பேனல்தான் போட வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். வெளிநாட்டு செல் போட்ட பேனல் அதைவிட மலிவு. அதை மாட்டிவிட்டுப் போய்விட்டால் சப்சிடி நின்றுபோகும், அதற்குள் ஆளும் கிடைக்க மாட்டார். பேனலின் வரிசை எண் கண்ணாடிக்கு உள்ளேயே பதிந்திருக்கும். டி.சி.ஆர். சான்றிதழில் உள்ள எண்ணோடு அதை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பேனலைக் கீழே இறக்கி வைத்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மேலே ஏற்றிவிட்டால் கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இடைத்தரகர்களைப் பற்றி நான் சொல்லாமல் போனால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். “நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம், ஆதாரும் பாஸ்புக்கும் தாங்க, ஓ.டி.பி. வந்தா சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்” என்று ஒருவர் வருவார். அவருக்குச் சொந்தமாக ஏணிகூட இருக்காது. உங்கள் ஆர்டரை வாங்கி, கமிஷன் எடுத்துக்கொண்டு, வேறு ஒருவரிடம் தள்ளிவிடுவார். அந்த வேறொருவர் குறைந்த காசில் முடிக்க வயரையும் போல்ட்டையும் குறைப்பார். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். அதை வைத்து உங்கள் பெயரில் கடனுக்கே விண்ணப்பித்துவிட முடியும். பி.எம். சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்து நீங்களே பதியுங்கள், பேரன் பேத்தி யாராவது பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை. சப்சிடி பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். “எங்க மூலமா வரும்” என்று யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விசிட்டிங் கார்டில் உள்ள பெயரும், அந்தத் தளத்தில் பதிவான நிறுவனத்தின் பெயரும், பில்லில் போடப்போகும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூன்றும் மூன்றாக இருந்தால் அவர் தரகர். பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். சாமான் வீட்டுக்கு வந்து இறங்கின பிறகு பெரும்பகுதி கொடுங்கள். பத்தில் ஒரு பங்காவது புது மீட்டர் ஓடும்வரை உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி போல்ட். நம் ஜில்லாவில் சோலார் என்றால் வெயில் பாதி, காற்று பாதி. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் திறந்து கிடக்கின்றன. வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சும்மாவா கொண்டுவந்து நட்டார்கள்? ஒரு பேனல் ஏழரை அடி நீளம், நாலு அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், 27, 28 கிலோ எடை. சாய்த்து நிறுத்தினால் அது பாய் விரித்த மாதிரி.

காவல்கிணறு பக்கம் ஒரு வீட்டுக்கு ஆனி மாதத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பேனல் வரிசை ஒரு பக்கமாகத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்து கிடந்தது. ஸ்டாண்டின் கால் வளையவில்லை, உடையவும் இல்லை. போல்ட்டோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு அங்குல போல்ட். அடிமுதல் நுனிவரை செங்கல் பொடியும் சுண்ணாம்பும்தான் ஒட்டியிருந்தன, சிமென்ட் ஒரு பொட்டுகூட இல்லை. நம் மாடிகளில் தட்டோட்டுக்குக் கீழே மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டிருப்போம். அது வெயிலுக்கும் மழைக்கும் போட்டது, பிடிமானம் தராது. மேலே தகடும் நட்டும் ஓர் அங்குலத்தைத் தின்றுவிட, மிச்சப் போல்ட் அந்தச் சுண்ணாம்பிலேயே நின்றுவிட்டது. கான்கிரீட்டைத் தொடவே இல்லை. அது போதாதென்று, அந்த ஓட்டை வழியாக வந்த மழைத் தண்ணீர் கீழ் அறைச் சுவரில் இறங்கியிருந்தது.

அதனால் உங்கள் ஆளிடம் இப்படிக் கேளுங்கள்: “கால் நிற்கிற இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து, கான்கிரீட் தெரிகிற வரை கொத்தி, அதில் போல்ட் இறக்கி, மேலே சிமென்ட் திண்டு கட்டித் தருவீர்களா?” இதற்கு “அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, ஃபாஸ்டனர் அடிச்சாப் போதும்” என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஸ்டாண்ட் துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும், பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம். சாய்வு 10 டிகிரி போதும். நமக்கு 8 முக்கால் டிகிரி அட்சரேகை. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. வடநாட்டுப் படத்தைப் பார்த்து 25 டிகிரி சாய்க்கிறவர், வெயிலையும் இழந்து காற்றையும் கூட்டி வாங்கித் தருகிறார்.

வயரில் ஒன்றே ஒன்று. பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) வருவது சோலாருக்கென்றே உள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளாக இருக்க வேண்டும், வீட்டு வயர் ஆகாது. எர்த் மூன்று குழி: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் பக்கம் ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் போகும் பக்கம் ஒன்று. ஒரே குழியில் மூன்றையும் கட்டினால் இடி வீட்டுக்குள் வரும்.

உங்கள் ஊர் களக்காட்டுப் பக்கம் என்பதால் ஒரு விஷயத்தை விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. டவுனில், பாளையங்கோட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் வாழைத் தோட்டத்து மோட்டார்களும் வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்குகிற ஊரில், லைனின் கடைக்கோடியில் வீடு என்றால் சங்கதி வேறு. சோலார் இன்வெர்ட்டர் தனித்து ஓடாது, லைனைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். லைன் வோல்டேஜ் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். 230 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் மேலே, அதாவது 253-ஐத் தாண்டினால் துண்டித்துக்கொள்ளும். ரொம்பக் கீழே போனாலும் துண்டித்துக்கொள்ளும். மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது உங்கள் வீட்டில் 180 இருக்கலாம். அவை நின்றதும் ஏறிவிடும். அந்த நேரத்தில் உங்கள் சோலாரும் கரண்டை லைனுக்குள் தள்ளுகிறது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். கம்பத்திலிருந்து வீட்டுக்கு 50 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயர் இழுத்திருந்தால், அந்த வயரில் மட்டும் 9, 10 வோல்ட் ஏறும். வெளியே 245 இருந்தால் உங்கள் இன்வெர்ட்டருக்கு 255. நல்ல உச்சி வெயிலில், முழுசாகத் தயாரிக்க வேண்டிய நேரத்தில், பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். ஆள் வந்து செட்டிங்கை மாற்றி வரம்பைக் கூட்டிவிட்டுப் போவார். அதைச் செய்ய விடாதீர்கள். உங்கள் வீட்டு டி.வி.யும் ஃப்ரிட்ஜும் அந்த வோல்டேஜில்தான் ஓட வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம், காலை 9 மணி, பகல் 12, பிற்பகல் 3 என்று மூன்று வேளை வோல்டேஜ் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சொருகி வைக்கிற சின்ன வோல்ட்மீட்டர் போதும், ப்ளக் பாயின்ட்டுக்குள் எதையும் விடாதீர்கள். பகலில் 240-க்கு மேலேயே நின்றால் சர்வீஸ் வயரை முதலில் தடிமனாக மாற்றுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற இணைப்பு) மாற்றச் சொல்லி இ.பி.க்கு எழுதிக் கொடுங்கள். 200-க்குக் கீழேயே கிடந்தால் லைன் சரியாகும் வரை சோலாரைத் தள்ளிப்போடுங்கள். இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு, “சோலாரே சரியில்ல” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்கள் நிறைய.

அப்புறம் மீட்டர். சோலார் போட்டால், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும் புது மீட்டரை இ.பி. மாட்ட வேண்டும். 10 கிலோவாட் வரை லைன் தாங்குமா என்று தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்கத் தேவையில்லை, 15 நாளில் இணைத்துக் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. காகிதத்தில் 15 நாள். நான் பார்த்த ஒரு வீட்டில் பேனல் ஏறி நாலு மாதம் ஆகியும் மீட்டர் வரவில்லை, “ஸ்டாக் இல்லை” என்பதே பதில். சர்க்காரே வா வா என்று கூப்பிட்டு, விளம்பரம் செய்து, கடனும் வாங்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு மீட்டருக்கு ஜனங்களை வாசலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? ஓய்வு பெற்ற மனிதர் எத்தனை தடவை பஸ் ஏறுவார்? கோபம் வருகிறது. ஆனாலும் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. “மீட்டர் வரும்போது வரட்டும், இப்பவே ஆன் பண்ணிருவோம்” என்று இன்ஸ்டாலர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சாதாரண மீட்டர் வெளியே போகும் கரண்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும். வெயில் அடிக்க அடிக்க பில் கூடும்.

அம்மா அறை ஃபேன் விஷயம். சப்சிடியில் வழக்கமாகப் போடும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நல்ல வெயிலாக இருந்தாலும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வாங்குங்கள் என்று உங்களை இழுப்பார்கள், வேண்டாம். ஒரு ஃபேன், இரண்டு லைட்டுக்கு வழக்கமான இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் தனியாக இருந்தால் போதும்.

சரி, பேனல் எந்தக் கம்பெனி? மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருந்து, டி.சி.ஆர். சான்றும் இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நம் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே செல்லும் பேனலும் செய்கிறார்கள். “நாங்க அந்த ஃபேக்டரி ஆளுக” என்று சொல்லி வருகிறவரிடம் மட்டும் அதை எழுத்தில் கேளுங்கள். 25 வருஷ வாரன்டி என்பது உற்பத்தி எவ்வளவு குறையலாம் என்பதற்கான உத்தரவாதம். சாமான் பழுதானால் மாற்றித் தருவதற்கான வாரன்டி வேறு, அதன் வருஷம் குறைவு, தனியாகக் கேளுங்கள். இன்வெர்ட்டருக்குத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முதலில் மக்கர் பண்ணும். யாரிடம் கொடுப்பது என்றால், நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட இரண்டு வீட்டு முகவரி கேளுங்கள். நேரில் போங்கள். வீட்டுக்காரரிடம், “கூப்பிட்டா வாராரா?” என்று மட்டும் கேளுங்கள். ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டியது சப்சிடி திட்டப்படி அவர் கடமை, அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

தென்னையை வெட்ட வேண்டாம். உங்களுக்கு மேற்கே மலையே இருக்கிறது, சாயங்கால வெயில் எப்படியும் சீக்கிரம் மறைந்துவிடும். அந்தக் கடைசி நேரத்தில் பேனல் தருவது கொஞ்சம்தான். பேனலை மாடியின் கிழக்கு ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மதியம் 3 மணிக்கு மாடியில் நின்று, ஓலை நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் கிழக்கே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அது உங்கள் பேனலுக்கு. 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி வேண்டும். காய்ந்த மட்டையை மட்டும் ஆடிக்கு முன்னால் ஆள் ஏற்றி இறக்கிவிடுங்கள்.