குடோன் ஸ்கேனரும் வைஃபையும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ரேக் வரிசை மாறும்போதெல்லாம் ஸ்கேனர் கட் ஆகுது. சிக்னல் நல்லாத்தான் காட்டுது.

பதில்: எந்த ஏபியில் (வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்) சேர்வது என்று முடிவெடுப்பது ஸ்கேனர்தான், ஏபி அல்ல. பழைய ஏபியை விடாமல் -80 டிபிஎம் வரை தொங்கும் (டிபிஎம் சிக்னல் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). ஸ்கேனரின் வைஃபை அமைப்பில் ரோமிங் வரம்பு (எந்த அளவில் வேறு ஏபி தேடுவது) இருந்தால் -70 பக்கம் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் மட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமே போதும், பார்கோடு சில பைட்டுகள்தான். முதலில் 36 முதல் 48 வரை எடுங்கள். 52 முதல் 144 வரை ரேடாருடன் பகிரும் சேனல்கள். அங்கே ஸ்கேனர் தானாக ஏபியைக் கூப்பிடக்கூடாது, ஏபியின் அறிவிப்பான பீக்கன் வரும்வரை காத்திருக்கும். அந்தத் தாமதத்தில் டெல்நெட் (ஸ்கேனர் சர்வரோடு பேசும் இணைப்பு) அறுந்துவிடும். ஏபி மாறும்போது ஐபி மாறினாலும் அறுந்துவிடும். ரேக்கில் சரக்கு நிறைந்திருக்கும்போது, அந்த ஸ்கேனரையே இடுப்புயரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். லேப்டாப் அளவை நம்பாதீர்கள்.

கேள்வி: ஏபி பவரை முழுசா ஏத்திட்டா?

பதில்: ஏற்றாதீர்கள். ஏபி 20 டிபிஎம்மில் பேச, ஸ்கேனர் 14இல் பதில் சொன்னால் திரையில் சிக்னல் கோடுகள் நிறையும், பதில் போய்ச்சேராது. ஸ்கேனரின் பவரை ஒட்டியே ஏபியை வையுங்கள்.

கேள்வி: ஒத்துக்க மாட்டேன். ஏபியில் பெரிய ஆன்டெனா இருக்கே, ஸ்கேனர் பேசுறதும் நல்லாக் கேட்குமே?

பதில்: ஆன்டெனா அனுப்பவும் கேட்கவும் சமமாக உதவும், பவர் அனுப்ப மட்டுமே. ஆகவே ஆன்டெனா அந்த 6 டெசிபல் இடைவெளியை அடைக்காது. ஏபியின் காது கொஞ்சம் கூர்மை என்பது உண்மை, அதனால் இரண்டு மூன்று டெசிபல் தாங்கும். ஏபிகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் அந்த ஸ்கேனரின் சிக்னலையும் மறுமுயற்சி எண்ணிக்கையையும் பாருங்கள். ஏபி ஸ்கேனருக்கு -60இல் கேட்க, ஸ்கேனர் ஏபிக்கு -75இல் கேட்டால் விடை கையில் இருக்கிறது.

கேள்வி: பேட்டரி முழுசா தீர்ந்தபிறகு, பழைய விண்டோஸ் சிஇ ஸ்கேனர் வைஃபையில் சேரவில்லை. சர்டிபிகேட்டில்தான் லாகின்.

பதில்: தேதியைப் பாருங்கள். கடிகாரம் பின்னோக்கிப் போயிருந்தால் சர்டிபிகேட் செல்லாது. தேதியைச் சரிசெய்யுங்கள், உள்ளிருக்கும் பேக்கப் பேட்டரியையும் சோதியுங்கள்.

கேள்வி: புது ஆண்ட்ராய்டு ஸ்கேனரை மேக் ஃபில்டர் தடுக்குது.

பதில்: ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் போலி மேக் (வைஃபை அடையாள எண்) போகும். அந்த நெட்வொர்க்கின் தனியுரிமை அமைப்பில் சாதனத்தின் மேக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சிக்னல் ஃபுல், ஆனா கட் ஆகுது. பவரை ஏத்தலாமா?

பதில்: முதல் மூன்று பதில்களையும் படியுங்கள். ஏற்றாதீர்கள்.

கேள்வி: டபிள்யூபிஏ3க்கு மாத்தினதும் பழைய ஸ்கேனர்கள் நின்னுபோச்சு.

பதில்: அவற்றுக்குத் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்), அதில் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம். டிகேஐபி என்ற பழைய குறியாக்கம் வேண்டாம், பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்.